இங்கே ஆன்லைன் பார்சலும் வாங்கி வைக்கப்படும்

புத்தகக் கடையில் நிற்கிறவளுக்குப் புத்தகத்தின் முன்னட்டையைவிடப் பின்னட்டைதான் நன்றாகத் தெரியும்; விலை அங்கேதான் இருக்கிறது, வருகிறவர்கள் அதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். துணிக்கடையோ செருப்புக்கடையோ, நீங்கள் எங்கே நின்றாலும் இந்தக் கதைதான் இல்லையா?

எங்கள் கடை நெய்வேலி டவுன்ஷிப் பஜாரில், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே. முதலாளி விஜயா அக்கா. நான் எட்டாவதோடு நின்றவள், பேச்சும் அதிகம் வராது. வீட்டுக்காரர் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. மந்தாரக்குப்பத்திலிருந்து வரும்போது என் சின்ன மகள் யாழினியையும் கூட்டி வருவேன். பிள்ளையோடு வரலாம் என்று சொன்ன கடை இது ஒன்றுதான். அதனால்தான் அக்கா ஒருநாள் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை: "பொங்கலுக்குள்ள வியாபாரம் ஏறலைன்னா பாதிக் கடையை மொபைல் கவர் விக்கிறவருக்கு விட்டுடுவேன். அப்புறம் ரெண்டு பேரு எதுக்கும்மா? நீ கொஞ்சம் வாயைத் தொறந்து பேசு."

போட்டோ

மறுநாளே ஒருத்தர் மகளுக்கு நுழைவுத் தேர்வுப் புத்தகம் கேட்டு வந்தார். ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "நல்ல புக்கு சார்" என்று சொல்லலாமா என மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் புத்தகத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, போனை எடுத்துக்கொண்டு ரெண்டடி பின்னால் போனார். ஆன்லைனில் என்ன தள்ளுபடி என்று பார்க்கத்தான். நானும் பொறுப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கொஞ்சம் நேரா புடிம்மா, கை ஆடுது."

பார்சல்

ஷிஃப்ட் ஊரில் பகலில் பாதி குவார்ட்டர்ஸில் பூட்டு தொங்கும். மீதியில் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் தூங்குவார்கள். பெல் அடித்துத் திட்டு வாங்கிய டெலிவரி தம்பிகள், பார்சலை எங்கள் கடையில் வைத்துவிட்டுப் போகப் பழகிவிட்டார்கள். ஆமாங்க, எங்களிடம் வாங்காத புத்தகத்துக்கும் நாங்கள்தான் காவல்.

அப்படி வந்த ஒரு பார்சலை ஒரு டீச்சரம்மா எங்கள் மேசையிலேயே, எங்கள் கத்தரிக்கோலாலேயே பிரித்தார். உள்ளே அட்டை மூலை மடங்கியிருந்தது. எங்கள் ரேக்கில் அதே புத்தகம் பளபளவென்று இருந்தது. இதை வைத்துக்கொண்டு அதைக் கொடு என்றார். நான் பார்சல் மேலிருந்த ஆன்லைன் கடைப் பெயரைத் தொட்டுக் காட்டினேன்.

"அதே புக்குதானேம்மா, யாருகிட்ட மாத்துனா என்ன?"

சார்ஜ்

பக்கத்து ஊர் வடக்குத்திலிருந்து ஷிஃப்டுக்கு வரும் தம்பி ஒருவன் போன் முழுக்கப் புத்தகம் வைத்திருப்பான். பேப்பரில் யாராவது படிப்பார்களா என்று எங்களையே கேட்பான். ஒருநாள் அவசரமாக ஓடிவந்து, போனை எங்கள் பிளக்கில் சொருகினான். மர்மக் கதையாம், முக்கியமான இடத்தில் அணைந்துவிட்டதாம். அவன் கண் எங்கள் ரேக்குக்குப் போனது. அதே கதை அங்கே புத்தகமாக இருந்தது. எடுத்தான், விட்ட பக்கத்தைத் தேடிப் பிடித்தான், எங்கள் ஃபேனுக்குக் கீழே நின்றபடி கடைசி வரி வரைக்கும் படித்தான். பிறகு பத்திரமாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனைக் கழற்றினான்.

"ரொம்ப தேங்ஸ்க்கா, நீங்க இல்லன்னா கொலை பண்ணது யாருன்னு தெரியாமயே ஷிஃப்டுக்குப் போயிருப்பேன்."

பஸ்

ஆள் இல்லாத நேரத்தில் யாழினிக்குக் கதை படிப்பேன். எழுத்துக் கூட்டி, விரல் வைத்துத்தான் வரும். ஆனால் அவளிடம் எனக்கு வெட்கம் கிடையாது. புலி வந்தால் உறுமுவேன், கழுதை வந்தால் கத்துவேன்.

ஒரு சாயங்காலம் பார்சல் வாங்க வந்த ஒரு அம்மா, அப்படியே பஸ்ஸுக்குக் காத்து நின்றார். அவர் மகள் யாழினி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் தலை நிமிராமல் படித்தேன். நிமிர்ந்தால் வாய் அடைத்துவிடும். குட்டி யானை கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற இடத்தில் கம்பெனி பஸ் வந்துவிட்டது. பாப்பா எழுந்திருக்கவில்லை. "உள்ள விழுந்துச்சா, இல்லியா?" என்று ஒரே அழுகை. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அந்த அம்மா போட்டோ எடுக்கவில்லை, தள்ளுபடி கேட்கவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் அந்தப் பாப்பா அவள் குடியிருக்கும் பிளாக் பிள்ளைகளையும் கூட்டி வந்தாள். வீட்டில் அம்மா கடகடவென்று படிக்கிறாராம், கழுதை கத்துவதே இல்லையாம். அன்றைக்கும் பாதிக் கதையில் பஸ். பிறகு தினமும் அப்படித்தான். நான் முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும், யாராவது ஒரு பிள்ளை மீதிக் கதையை வீட்டுக்கு வாங்கிப் போகும்.

பொங்கலுக்கு முன்னால் மொபைல் கவர்காரர் டேப்போடு அளக்க வந்தார். கடையின் அந்தப் பாதியில் பாய் விரித்து, பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். "இடமில்லீங்க" என்று அக்கா அவரை அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நீ பேசக்கூட வேணாம்மா, வேகமா படிக்க மட்டும் கத்துக்காத."

ஆக, வேகமாகக் கொண்டுவந்து கொடுக்கிறவர்களோடு நாங்கள் மெதுவாகப் படித்துத்தான் போட்டி போட்டுக்கொண்டிருக்கிறோம்.