ஜெனி லீடரான வாரம்

இந்த ஜெர்மன் ஊர்ப் பள்ளியில், யாருக்கு என்ன வேலை என்பதைத் துணி காயப்போடும் கிளிப்புகள்தான் சொல்கின்றன. ஒவ்வொரு கிளிப்பிலும் ஒரு பிள்ளையின் பெயர். திங்கட்கிழமை காலையில் ஆசிரியை ஃப்ராவ் பெக்கர் அவற்றை ஒரு வட்ட அட்டையில் இடம் மாற்றிக் குத்துவார். செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவர், குப்பைக் கூடையைக் காலிசெய்ய ஒருவர் என்று வாரம் முழுக்க அதுதான் ஏற்பாடு. மூன்றாம் வகுப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே என் மகள் ஜெனியின் கிளிப் கரும்பலகைப் படத்தின்மேல் போய் உட்கார்ந்தது. டாஃபல்டீன்ஸ்ட் என்று அதற்குப் பெயர். பலகையைத் துடைத்து சாக்பீஸை எடுத்துவைக்கும் வேலை, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? "அம்மா, போர்டு இனிமே எங்கிட்ட. நான்தேன் லீடர்!" என்று குதித்துக்கொண்டு வந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊர் ராயப்பன்பட்டிப் பள்ளியில் நானும் லீடராக இருந்தவள்தானே. உடனே தங்கை செல்விக்குப் போன் போட்டேன். "பாஷையே வராத பிள்ளைய அதுக்குள்ள லீடராக்கிட்டாகளா! ஒன்னைய மாதிரியே வந்திருக்காக்கா" என்றாள் அவள்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு லீடர் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. எங்கள் பள்ளியில் இரண்டு வகுப்புக்கு ஒரே டீச்சர். அவர் பக்கத்து வகுப்புக்குப் போனால் இந்த வகுப்பு லீடர் கையில். பலகையில் கோடு போட்டு, 'பேசியவர்கள்' என்று தலைப்பு எழுதி, பேசுகிறவன் பெயரை எழுத வேண்டும். திரும்பப் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. இதில் பகையெல்லாம் கிடையாது. தோட்டத்திலிருந்து கால்சட்டைப் பையில் பன்னீர் திராட்சை கொண்டுவந்து, "ஏ பிள்ள, எம் பேர அழிச்சிரு" என்று நீட்டுவார்கள். வாயில் போட்டுக்கொண்டு அழித்துவிடுவேன். டீச்சர் வருவதற்குள் பலகை பாதி காலியாகிவிடும். ஜெனியும் இரண்டாம் வகுப்பில் அதே பலகைக்கு முன்னால் நின்றவள்தான்.

செவ்வாய்க்கிழமை ஃப்ராவ் பெக்கர் ஏதோ நகல் எடுக்க வெளியே போயிருக்கிறார். என் மகள் எழுந்து போய்க் கோடு போட்டாள். முதலில் எல்லோரும் ஏதோ விளையாட்டு என்று சிரித்தார்களாம். லூக்காஸ் என்ற பையனுக்கு மூன்று பெருக்கல் குறி விழுந்தது. டீச்சர் வந்ததும் ஜெனி நிமிர்ந்து நின்று பலகையைக் காட்டினாள். அதற்குப் பிறகு யாரும் அவளோடு பேசவில்லை. மதியச் சாப்பாட்டின்போது அவள் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்திருக்கிறது.

அன்று மாலை ஃப்ராவ் பெக்கர் என்னைப் போனில் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"மற்றவர்களைக் கண்காணிக்கும்படி வீட்டில் யாராவது சொன்னார்களா?"

"யாரும் சொல்ல வேண்டாம். அதுதான் அந்த வேலை" என்றேன், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்காகக் கற்ற என் ஜெர்மனில்.

இங்கே வெள்ளிக்கிழமைதோறும் கிளாசன்ராட் நடக்கும். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து அந்த வாரத்துக் குறைகளைப் பேசித் தீர்க்கும் வகுப்புச் சபை அது. லூக்காஸ் ஜெனிமேல் குறை சொல்லப்போகிறான் என்றும், வேண்டுமானால் அந்த நேரம் அவள் நூலகத்தில் இருக்கலாம் என்றும் ஃப்ராவ் பெக்கர் சொன்னார். வியாழக்கிழமை சாயங்காலம் ஜெனி ஒரே பிடியாக நின்றாள். பள்ளிக்கூடமே வேண்டாமாம்.

"ஒரு நா லீவு போட்டா குடியா முழுகிப்போகும்? வீட்லயே இரு ஆத்தா" என்றார் அவள் அப்பா.

"போகணும்" என்றேன் நான்.

"நான் ஒரு தப்பும் பண்ணலையேம்மா. அப்பறம் எதுக்குப் போய் உக்காரணும்?"

"தப்புப் பண்ணலைல்ல, அதனாலதேன் போகச் சொல்றேன். நூலகத்துல ஒளிஞ்சா தப்புப் பண்ணவன்னு ஆகிப்போகும்."

இரக்கமில்லாத தாய் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். வார்டில் வாய் குழறித் தலைகுனிந்த நாட்கள் எனக்கும் உண்டு. மறுநாள் போகாமல் இருந்திருந்தால் அதற்கு மறுநாளும் போயிருக்க மாட்டேன். என்னைப் போல வந்தவர்களுக்கு இது தெரியும். தோசை சுட்டபடியே அவளுக்கு நான்கு வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன். அழுதுகொண்டே மனப்பாடம் செய்தாள். எனக்கும் அழுகை வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

நடந்ததை மறுநாள் அவளே சொன்னாள். லூக்காஸ் தன் குறையைச் சொன்னதும் இவள் எழுந்து, "எங்கள் பள்ளியில் இரண்டு வகுப்புக்கு ஒரு டீச்சர். அவர் போனால் ஒரு பிள்ளை வகுப்பைப் பார்த்துக்கொள்ளும். அங்கே அது நான். இங்கேயும் என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நினைத்தேன்" என்றிருக்கிறாள். பெயர் எழுதிவிட்டால் பிறகு என்ன செய்வது என்று லூக்காஸ் கேட்டான். அதற்கு நான் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. "திராட்சை குடுத்தா அழிச்சிருவேன்" என்பதை இவளே எப்படியோ ஜெர்மனில் சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்ததாம், லூக்காஸும்தான்.

இனி யார் பெயரையும் எழுதுவதில்லை என்று சபை முடிவு செய்தது. உங்கள் ஊர்ப் பலகையில் வேறு என்ன எழுதுவீர்கள் என்று ஃப்ராவ் பெக்கர் கேட்டிருக்கிறார். ஜெனி பலகையின் வலது மூலைக்குப் போய், பதிவு, வருகை என்று தமிழில் எழுதினாள். பெயர்ப் பதிவில் மொத்தம் எத்தனை பேர், அதில் இன்று வந்தவர்கள் எத்தனை பேர் என்று விளக்கி, எண்ணிப் பார்த்து எழுதினாள். இரண்டும் ஒரே எண். அடுத்த வாரம் கரும்பலகை வேலை லூக்காஸுக்கு. அந்த இரண்டு சொற்களையும் படம் வரைவதுபோலப் பார்த்துப் பார்த்து வரைகிறானாம்.

ஞாயிற்றுக்கிழமை செல்வியிடம் பேசும்போது ஜெனி போனைப் பிடுங்கிக்கொண்டாள். செல்வியின் மகன் அவளுடைய பழைய வகுப்பில்தான் படிக்கிறான்.

"சித்தி, அங்கன போர்டுல பதிவு எழுதயில என்னையச் சேத்து எழுதுறாகளா?"

செல்வி கொஞ்சம் தயங்கினாள். "எழுதாம? ஒன்னையச் சேத்துத்தேன் ஆத்தா எழுதுறாக. ஒரு பிள்ள மட்டும் இன்னும் வரலன்னு வருகையில ஒண்ணு கொறச்சுப் போடுறாக."

ஜெனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான் ஆப்சென்ட்டாம்ப்பா!" என்று அப்பாவிடம் சொல்ல ஓடினாள். பதிவிலிருந்து பெயரை எடுத்துவிட்டுக் கொடுத்த அவளுடைய மாற்றுச் சான்றிதழ் என் அலமாரியில்தான் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தவளே நான்தான். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.