கல்யாண சிடி கவரில் என் மாடு

அத்தை புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்று அவள் கையில் ஒரு துணிப்பைதான் இருந்தது. பைக்குள் இரண்டு சுடிதார், ஒரு சீப்பு, ஒரு வீடியோ கேம். என் கண்ணில் பட்டது கடைசியாகச் சொன்னது மட்டும்தான். கூடத்தில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருக்க, நான் அதைக் கையில் எடுத்து, எந்தப் பொத்தானை அமுக்கினால் வெளிச்சம் வரும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தை வந்ததில் எங்கள் வீட்டிலேயே முழுமனதாகச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான்.

அவள் அப்பாவின் ஒரே தங்கை. செங்கல்பட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஏன் வந்துவிட்டாள் என்று அம்மாவைக் கேட்டதற்கு, "அத்தைக்கு ஒடம்பு சரியில்ல, தொணதொணன்னு கேட்டுக்கினு இருக்காத" என்றாள். அத்தையோ என்னைவிட நன்றாகச் சாப்பிட்டாள். ஏரிக்கரை வரைக்கும் வேகமாக நடந்துவிட்டு வந்தாள். இப்படி ஒரு நோய் எனக்கும் வந்தால் பள்ளிக்கூடம் போகவேண்டாமே என்று பொறாமையாக இருந்தது.

அந்தக் கேமில் இருந்தது ஒரு விவசாய ஆட்டம். நிலத்தைக் கொத்தி, விதை போட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினால் முள்ளங்கி விளையும். அதை விற்றுக் கோழி வாங்கலாம். கோழிக்குப் பிறகு மாடு. அப்பாவுக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "வூட்டுக்குப் பின்னால ஒரு காணி நெலம் கீது. அதுல ஒரு களை புடுங்க வரமாட்டா. இங்க குந்திக்கினு தண்ணி கட்டறா பாரு" என்பார். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கழுத்தை நீட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு, இவ்வளவு நெருக்கமாகப் போட்டால் முள்ளங்கி எப்படித் திரளும் என்று ஆலோசனையும் சொல்லாமல் போகமாட்டார்.

மெமரி கார்டில் மூன்று பேருடைய தோட்டங்கள் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று அத்தையுடையது. வரப்பு நேராக, வேலி அழகாக, பார்க்கவே ஆசையாக இருக்கும். இரண்டாவதை நான் ஆரம்பித்தேன். மூன்றாவது மாமாவுடையது. கேமை வாங்கியவர் அவர்தான். கொஞ்ச நாள் ஆடிவிட்டுச் சலித்துப்போய்த் தூக்கிப் போட்டிருக்கிறார். அதைத் திறந்தால் நிலம் முழுக்கக் களையாக இருக்கும். ஒரு கோழி மட்டும் தீனியில்லாமல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். நான் கொஞ்சம் தீனி போடட்டுமா என்று கேட்டேன். "அதுல கைய வெக்காத" என்றாள் அத்தை. அவள் என்னிடம் கடுமையாகப் பேசியது அந்த ஒரு முறைதான்.

என் தோட்டத்தில் நான் மாடு வரைக்கும் வந்துவிட்டேன். படத்தில் அது கறுப்பும் வெள்ளையுமாக இருந்தாலும் செவலை என்றுதான் பெயர் வைத்தேன். எங்கள் கொட்டகையில் கட்டியிருந்த மாட்டின் பெயர் அதுதான், எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை. கேம் செவலை சினையாகவும் ஆனது. கன்று எப்போது பிறக்கும் என்பதைத் தவிர எனக்கு உலகத்தில் வேறு கவலை இல்லை.

அப்போதுதான் மாமா வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பேச வருவதாகத் தகவல் வந்தது. சமாதானம் பேசி அத்தையைக் கையோடு கூட்டிப்போவதாக ஏற்பாடு. முதல் நாள் அத்தை தையல்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு உத்திரமேரூருக்கு பஸ் ஏறினாள். போனது தையல்கடைக்கு இல்லை. அவள் கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டுடியோவுக்கு.

ஸ்டுடியோக்காரருக்கு அவளை நன்றாக அடையாளம் தெரிந்தது. "இன்னாம்மா, ஆல்பத்துக்கு இன்னொரு காப்பி வோணுமா?" என்றார்.

"காப்பிதாண்ணா. ஆனா ஆல்பத்துக்கு இல்ல, இதுக்கு" என்று கேமின் பக்கவாட்டிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி நீட்டினாள்.

அவர் அதைக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்துவிட்டு, போட்டோ ஒன்றுமே இல்லையே, எதை ஏற்றுவது என்று கேட்டார். "கீறது எல்லாத்தையும் அப்டியே ஏத்துங்கண்ணா" என்றாள். அவர் ஒரு சிடியில் ஏற்றிக்கொடுத்தார். வெறும் கவர் தீர்ந்துபோயிருந்ததால் கல்யாண சிடி போடும் கவரில் வைத்துத் தந்தார். அதன் மேல் ஒரு வளையல் கையும் ஒரு வாட்ச் கட்டிய கையும் கோத்துக்கொண்டிருக்க, சுற்றிலும் ரோஜாப்பூ. அத்தை அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள் பஸ் ஏறியும் நிறுத்தவில்லை.

"என் செவலை இதுக்குள்ளயா கீது?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி. கேம்ல ஒண்ணு, இதுல ஒண்ணு."

சிடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வானவில் மாதிரி நிறங்கள்தான் தெரிந்தன, மாட்டின் வால்கூடத் தெரியவில்லை. அத்தை என்னை ஏய்க்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஞாயிறன்று ஒரு கார் நிறைய வந்து இறங்கினார்கள். தாம்பாளத்தில் ஆப்பிளும் வெற்றிலை பாக்கும் பூவும் இருந்தன. மாமா செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பேச்செல்லாம் அவருடைய பெரியப்பா பேசினார். "கோவத்துல ரெண்டு அடி அடிச்சிட்டான், இல்லன்னு சொல்லல. இனிமே கைய நீட்டமாட்டான், நான் பொறுப்பு. பழசெல்லாம் உட்டுட்டு பழையபடி இருக்கட்டும்" என்றார். எங்கள் கணக்கு வாத்தியாரிடம் நான் வாரம் தவறாமல் வாங்கிக்கொண்டிருந்தேன், அதனால் இரண்டு அடி என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சமையலறை வாசலில் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் ஒரு மூலையில் கேம் செவலைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தேன். மாமா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "அது என்னுது" என்றார். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பெரியவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. சிரித்துச் சமாளித்தார். "கொயந்த வெச்சிக்கினு ஆடட்டும்பா. கேம் இங்கியே கெடக்கட்டும், பொண்ணு நம்மகூட கெளம்பட்டும். இன்னா பாப்பா, சரிதானே?"

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. அத்தை எப்படியும் தீபாவளிக்கு வருவாள், கேம் போனால் வராது. "சரி" என்று உரக்கச் சொன்னேன். கூடமே சிரித்தது. அப்பாகூடச் சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை. நேராக என்னிடம் வந்து முன்னால் குந்தி, "குடுடி" என்றாள். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். துப்பட்டாவால் அதன் திரையைத் துடைத்து, தாம்பாளத்தில் ஆப்பிளுக்கு நடுவில் வைத்து, தாம்பாளத்தைப் பெரியவர் பக்கம் தள்ளினாள்.

"அவுரோடது அவுருகிட்டயே இருக்கட்டும். எடுத்துக்கினு போங்க. நான் வர்ல."

பெரியவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அத்தையைப் பார்த்தார். அவர் தலை ஆட்டுவது நின்றுபோயிருந்தது. பிறகு, "அதான் சொல்லிடுச்சே" என்று மெதுவாகச் சொன்னார்.

கார் போனபோது நான் தெருவில் புரண்டு அழுதேன். கேமும் போயிற்று, ஆப்பிளும் போயிற்று. கன்று போட இருந்த மாட்டை யாரோ ஓட்டிப்போன துக்கம் எனக்கு. வீட்டுக்குள்ளே அம்மா அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளும் செவலைக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அத்தையோடு டூ விட்டேன். சிடி பீரோவில் இருக்கிறது, மாடு பத்திரமாக இருக்கிறது என்று அவள் எத்தனை முறை சொல்லியும் நான் முகம் கொடுக்கவில்லை. அவள் ஒரகடத்தில் ஒரு கம்பெனி வேலைக்குப் போகத் தொடங்கினாள். விடியும்போதே கம்பெனி பஸ் வந்து அழைத்துக்கொண்டு போகும். நெல் கதிர் பிடித்த சமயத்தில் ஒரு நாள், கூட வேலை செய்யும் பெண்ணின் தம்பி வேண்டாமென்று போட்டுவிட்ட கேம் ஒன்றை வாங்கி வந்தாள். அச்சு அசல் அதே மாதிரி. விவசாய ஆட்டம் இருந்தது, ஆனால் செவலை இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை பீரோவைத் திறந்து ரோஜாப்பூ கவரை எடுத்தாள்.

மறுபடி அதே ஸ்டுடியோ. சிடி உள்ளே போய்ச் சுற்றத் தொடங்கியது.

"மூணு கீதும்மா. மூணயும் ஏத்திடட்டா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

அத்தை திரையில் இருந்த மூன்று சின்னப் படங்களையும் பார்த்தாள். "ரெண்டு போதும்ணா" என்று எந்த இரண்டு என்பதையும் விரலால் காட்டினாள்.

கார்டைப் போட்டு கேமை என் கையில் கொடுத்தாள். திறந்தேன். செவலை நான் விட்ட இடத்திலேயே, புல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. இளைக்கவில்லை, என்னை மறக்கவில்லை, ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. எனக்கு அப்படி ஓர் ஆசுவாசம், அங்கேயே அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

"பொழச்சிக்கிச்சு அத்தே."

"ஆமாண்டி, பொழச்சிக்கிச்சு" என்றாள். படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு மாட்டுக்கு இவ்வளவு பிரியமா என்று அவளை உடனே மன்னித்துவிட்டேன்.

அந்த வாரமே கன்று பிறந்தது. அப்பா வந்து பார்த்து, காளையா கிடாரியா என்று விசாரித்தார். சிடி இனி எதற்கு என்று அவரே அதை எடுத்துப்போய், கிளிகளை விரட்டக் கழனியில் குச்சி நட்டு நூலில் கட்டிவிட்டார். காற்றில் சுற்றிச் சுற்றி மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் மாமாவின் கோழி இன்னும் அதற்குள் இருப்பது எனக்கு நினைவு வந்தது. பாவமாக இருந்தது. கார்டில் இடம் பத்தவில்லை என்றால் என் முள்ளங்கியில் கொஞ்சத்தை அழித்துவிட்டு அதற்கு இடம் கொடுத்திருக்கலாமே என்று அத்தையிடம் சொன்னேன்.

"எடமெல்லாம் நெறைய கீதுடி" என்றாள் அத்தை, வரப்பில் முன்னால் நடந்துகொண்டே.

அவ்வளவு இடம் இருந்தும் அந்தக் கோழியை ஏன் விட்டுவிட்டு வந்தாள் என்று யோசித்துக்கொண்டே நான் அவள் பின்னால் நடந்தேன்.