நாளைக்காரர் வீட்டு வண்டி

தெருவில் அவரை நாளைக்காரர் என்றுதான் சொல்வார்கள். வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிற எலக்ட்ரீஷியன். கை சுத்தம், தொழில் சுத்தம், வாய் மட்டும்தான் கொஞ்சம் தகராறு. எந்த வண்டி வந்தாலும் "நாளைக்கு வாங்க" என்பார். மறுநாள் போனாலும் அதே நாளைக்கு. சொன்ன கெடுவுக்கு ஒரு வண்டியையும் விட்டதில்லை; விட்ட வண்டி பழுதென்று திரும்பி வந்ததும் இல்லை.

போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து வலக்கையையும் பேச்சையும் வாரிக்கொண்டு போயிற்று. மிச்சம் வைத்தது ஒரே ஒரு சொல். தண்ணீர் வேண்டுமென்றாலும் கால் மரத்துப்போனாலும் வாயில் வருவது "நாளைக்கு". ஆயுசு முழுக்கச் சொன்ன சொல் சிலருக்கு இப்படித் தங்கிவிடும் என்றார் டாக்டர். தங்குவதுதான் தங்கியது, மனைவி பேராவது தங்கியிருக்கக் கூடாதா?

வீட்டு பிக்கப்பை இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். ஹோட்டல் அழுக்குத் துணியை ஏற்றிச் சலவைக்கூடத்தில் இறக்கும் வேலை. வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? டேஷ்போர்டு மீட்டரில் டீசல் முள், சூட்டு முள், ஆயில் முள் மூன்றும் பல வருடமாகப் படுத்த படுக்கை. "என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று அவள் கேட்டபோதெல்லாம் என்ன பதில் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு எஞ்சின் சத்தமே மீட்டர். அவளுக்கு அந்தக் காது கிடையாது. போன வாரம் டீசல் தீர்ந்து பாலத்தின் நடுவில் நின்றாள். முந்தாநாள் ரேடியேட்டர் கொதித்து, மூடியைத் திறந்த கையெல்லாம் கொப்புளம். இன்னொரு தடவை கொதித்தால் எஞ்சின் போய்விடும். எஞ்சின் போனால் அடுப்பில் பூனை தூங்கும்.

அதனால் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் செல்போன் கடை வைத்திருப்பவன். "வீடியோவுல பாத்துட்டேன்க்கா, சப்பை மேட்டர்" என்று வந்தவன் டேஷ்போர்டைக் கழற்றி மடியில் சாய்த்துக்கொண்டான். ஷெட்டு ஓரம் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று முள்ளும் ஒன்றாகச் செத்திருக்கிறது என்றால் மூன்று மீட்டரும் கெட்டதென்று அர்த்தமில்லை. மூன்றுக்கும் பொதுவான எர்த் வயர் பின்பக்கம் ஒரு ஸ்க்ரூவில் நிற்கிறது. அது தளர்ந்திருக்கும். இறுக்கினால் தீர்ந்தது, டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அவள் முதலில் கேட்ட அன்றைக்கே அவருக்கு அது தெரியும். தெரிந்துதான் தள்ளிப்போட்டார்.

தம்பியோ பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்துக்கொண்டு சூட்டு மீட்டர் பக்கம் போனான். அந்தப் பழைய மீட்டர் பேட்டரியின் முழுக் கரண்டைத் தாங்காது, நடுவில் ஒரு சின்னப் பெட்டி குறைத்துக் கொடுத்தால்தான் பிழைக்கும்.

"நாளைக்கு!" என்று கத்தினார். "நாளைக்கு! நாளைக்கு!"

"ஆரம்பிச்சுட்டாரு பாருக்கா. இன்னிக்கே முடிச்சிரலாம் மச்சான், டென்ஷன் ஆகாதீங்க."

அவர் தலையை வேகமாக ஆட்டினார்.

"என்னால முடியாதுங்கிறீங்களா? என்னிக்கு என்னை நம்பியிருக்கீங்க!"

வயரைத் தொட்டான். முள் துள்ளி எழுந்தது. "ஏறுதுக்கா!" என்று அவன் கூவி முடிப்பதற்குள் மெல்லிய புகை வந்தது. முள் விழுந்தது. கருகிய வாசனை நாற்காலி வரைக்கும் வந்தது.

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "இதைத்தான் வேணாம்னு சொன்னீங்களா?"

அவர் கண் நிறைந்துவிட்டது. தலையசைத்தார். தம்பி, கடையில் ஆள் நிற்கிறது என்று மெதுவாக நழுவிவிட்டான்.

அவள் நாற்காலியை வண்டி வரைக்கும் இழுத்துப்போய் அவருடைய இடக்கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தாள். இன்னும் இரண்டு மீட்டர் பாக்கி, அதையாவது எழுப்பிவிடலாம் என்று அவருக்கு ஆசை. கையை உள்ளே விட்டுத் துழாவி அந்த ஸ்க்ரூவைக் கண்டுபிடித்துவிட்டார். நினைத்ததுபோலவே தளர்ந்துதான் இருந்தது. ஆனால் இடக்கைக்குத் தொழில் தெரியாது. இறுக்குவதற்குப் பதில் கழற்றிவிட்டது. ஸ்க்ரூ உள்ளே எங்கேயோ விழுந்து உருளும் சத்தம் இருவருக்கும் கேட்டது. அவர் விரலால் இருட்டுக்குள் காட்டினார், காட்டிக்கொண்டே இருந்தார். அவளும் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

ஹோட்டலிலிருந்து போன் வந்தது. லோடு காத்திருக்கிறதாம்.

அவள் டேஷ்போர்டை அப்படியே அழுத்திப் பொருத்தினாள். டீசல் டாங்கில் குச்சியை விட்டு ஈரம் பார்த்தாள். நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்து அவர் வாயோரம் துடைத்துவிட்டாள். குத்திக்காட்டவெல்லாம் இல்லை, மனதாரத்தான் சொன்னாள்:

"விடுங்க, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

அந்தச் சொல்லை அவரிடம் யாரும் சொன்னதே இல்லை. அது எவ்வளவு வலிக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

வண்டி கிளம்பியது. எஞ்சின் சத்தத்தில் ஒரு கரகரப்பு கேட்டது, சூடு ஏறப்போகிற கரகரப்பு. மேடு ஏறாதே, தண்ணீர் ஊற்றிக்கொண்டு போ என்று சொல்ல வேண்டும். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"நாளைக்கு!"

அவள் ஜன்னல் வழியே கொப்புளக் கையை நீட்டி ஆட்டினாள். "சரிங்க, நாளைக்கு!"