மாமா வீட்டு ஹாலை அளந்த கதை

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பாசம் இல்லை, எரிச்சல். ஃபோர்ம் த்ரீயோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். என்னையே உட்கார்ந்து எழுத வைக்கிற அளவுக்கு ஒரு மனிதர் படுத்தியிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமா, அம்மாவின் தம்பி. கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருடைய உலகம் வீட்டு ஹாலுக்குள் சுருங்கியது. அங்கே ஒரு கம்ப்யூட்டர், இடுப்பு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர், கணக்கில்லாத பழைய பாட்டுகள். நான் பிரிக்ஃபீல்ட்சில் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்கிறேன். அதனால் வயர் உள்ள எதற்கும் குடும்பத்தில் நான்தான் டாக்டர். ஒரு நாள் போன் வந்தது. "மாப்ள, ஒங்கத்த பாட்டு செட்ட பின்னாடி ரூமுக்கு மாத்தணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. வந்து ஏதாச்சும் பண்ணு லா." குரலில் இருந்த பயத்தைக் கேட்டால், அவரையே பின்னறைக்கு மாற்றப் போகிறார்கள் போல இருந்தது.

அத்தை சொன்னதிலும் நியாயம் இருந்தது. பாட்டில் தபலா விழுந்தால் போதும், சாமி மேடையில் இருக்கும் படங்களின் கண்ணாடி எல்லாம் கிடுகிடு என்று ஆடும். சுபாங் ஜெயாவில் எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறான், சவுண்டுப் பைத்தியம். கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, அறையில்தான் என்றான் அவன். விரல் நீளத்தில் ஒரு மைக்கைக் கொடுத்து, கம்ப்யூட்டரில் போட ஒரு சாஃப்ட்வேரையும் சொல்லிக் கொடுத்தான். அது ஸ்பீக்கர் வழியாக 'ஊ' என்று அடித்தொண்டையில் ஆரம்பித்து 'வீ' என்று உச்சிக்குப் போகும் ஓர் ஊளையை விடும். மைக் அதைக் கேட்டு, அறை எந்த இடத்தில் சத்தத்தை வீங்க வைக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும். வீங்கிய இடத்தை வெட்டிவிட்டால் கோளாறு தீர்ந்தது. சொல்வதற்கு எவ்வளவு சுலபம்.

அளக்கும்போது வீட்டில் மூச்சுக்கூட விடக்கூடாது. கிள்ளான் வெயிலில் காற்றாடியை நிறுத்தச் சொன்னேன், குசினியில் அடுப்பில் இருந்த குக்கரை இறக்கச் சொன்னேன். அத்தை பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவின் நடுவில் மைக்கை நிறுத்தி ஊளையை விட்டேன். பக்கத்து வீட்டு நாய் பதில் ஊளை விட்டது. மறுபடியும் அளந்தேன். கோட்டில் அடிச் சத்தத்தின் பக்கம் மலை மாதிரி நின்ற வீக்கத்தை வெட்டிச் சமன் செய்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு பாட்டைப் போட்டால், "ஒண்ணும் மாறலயே" என்கிறார் மாமா. திரும்பிப் பார்க்கிறேன். மனிதர் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்.

"சோபாவுல உக்காந்து கேளுங்க மாமா."

"அதுல யாருடா உக்காருவா? அது வர்றவங்களுக்கு."

அவர் சொன்னது உண்மைதான். நான் பிறந்த காலத்திலிருந்து அந்த வீட்டு ஆள் யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வராத விருந்தாளிக்கு அளவெடுத்துச் சட்டை தைத்தவன் நானாகத்தான் இருப்பேன். திரும்பவும் காற்றாடி நின்றது, குக்கர் இறங்கியது, நாய் பாடியது. இந்த முறை மைக்கைத் தலையணையில் வைத்து அளந்தேன். மாமா படுத்தார், கண்ணை மூடினார். சாமி படங்கள் அசையவே இல்லை. நான் வயரைச் சுருட்ட ஆரம்பித்தபோது அத்தை கரண்டியோடு வந்து நின்றார்.

"ஏங்க, பாட்ட ஏன் நிறுத்திட்டீங்க?"

பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுவரைத் தாண்டிக் குசினிக்குப் போய்க்கொண்டிருந்ததே அந்த வீக்கம் மட்டும்தான். அதை நான் வெட்டிவிட்டேன். கண்ணாடி ஆடுகிறது என்று திட்டிக்கொண்டே, அந்த அதிர்வைப் பிடித்துக்கொண்டு எந்தப் பாட்டு என்று இத்தனை காலம் அத்தை கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறார். இது எனக்கு எப்படித் தெரியும்? என் சாஃப்ட்வேருக்குத்தான் எப்படித் தெரியும்? "எனக்குக் கேக்காத பாட்டு ஹால்ல எதுக்கு, ரூமுலயே வச்சுக்குங்க" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

மாமா எழுந்து உட்கார்ந்தார். பாயின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் நகத்தால் கீறிக்கொண்டிருந்தார். பிறகு மைக்கைக் கொண்டுபோய்க் குசினியில் வைக்கச் சொன்னார். நான் கத்தாத குறை. நடுவில் சுவர் இருக்கிறது, அங்கே அளந்தால் கோடு கோணல் மாணலாக வரும், அதற்குத் தகுந்த மாதிரி திருத்தினால் ஹாலில் படுத்திருக்கிற உங்களுக்குத் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி கேட்கும் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். அவர் குசினிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரூமுல போட்டா நான் மட்டுந்தான் கேக்கணும். ஹால்ல போடுறதே அவளுக்குக் கேக்கட்டும்னுதான்டா."

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் அந்த நாயாவது நிம்மதியாகத் தூங்கியிருக்கும். மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் புளி ஜாடிக்கும் நடுவில் மைக்கை நிறுத்தினேன். வந்த கோட்டைப் பார்த்தால் பல் விழுந்த சீப்பு மாதிரி இருந்தது. வெட்டிய அடிச் சத்தத்தைத் திரும்ப ஏற்றாமல், பாடுகிற குரல் இருக்கும் இடத்தை மட்டும் தூக்கிவிட்டேன். அதற்கு மேல் ஏற்றினால் ஸ்பீக்கரே புகைந்திருக்கும்.

செட் இன்றும் ஹாலில்தான் இருக்கிறது. இப்போது அங்கே போனால் பாட்டு காதைக் குத்துகிறது. மாமா பாயில் ஒருக்களித்துப் படுத்து, மேல் காதில் தலையணையை அமுக்கிக்கொண்டு, "அருமையா இருக்கு மாப்ள" என்கிறார். உள்ளே வெங்காயம் வெட்டும் அத்தையின் கத்தி தாளம் தப்பாமல் விழுகிறது.

அன்றைக்குக் கொமுட்டர் ரயிலில் திரும்பும்போதே கூட்டாளிக்கு அந்தக் கோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். நீ சொல்லிக் கொடுத்த வித்தையை, அத்தைக்குப் பாட்டு கேட்கட்டும் என்று குசினியில் கொண்டுபோய் நாசம் பண்ணிவிட்டேன், திட்டுவதானால் இப்போதே திட்டிவிடு என்று எழுதினேன். பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. பிறகு பதில் வந்தது:

"ஞாயித்துக்கெழம மைக்க எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வா மச்சான், எங்கம்மாவும் குசினியிலதான் இருக்காங்க."