ஸ்கேலைக் கையில் வாங்கிய மகள்

சலவைக்கடையில் அவளை எல்லோரும் சூடக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க நீராவி இஸ்திரிப் பெட்டியோடு நிற்பதால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது அவள் வாயால் வந்த பெயர் என்பது மற்றவர்களுக்குத் தெரியும். காலரில் சுருக்கம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், "சட்டையிலயா, உங்க கழுத்துலயா?" என்று கேட்பவள். முதலாளியே அவளிடம் பேச வேண்டியதை வேறு ஆள் மூலம் சொல்லி அனுப்புவார்.

அப்படிப்பட்டவளைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்பில் இருக்கும் அவள் மகளுக்கு எழுத்தெல்லாம் தெரிகிறது, ஒரு வரியைச் சேர்த்துப் படிக்கத்தான் வரவில்லை என்றார் டீச்சர்.

"வீட்டுல தினமும் கொஞ்ச நேரம் நீங்க அவளுக்குப் படிச்சுக் காட்டுங்கம்மா. தப்பு வந்தா உடனே திருத்தாதீங்க. பிடிச்ச கதையை அவளே எடுக்கட்டும்."

"அப்போ நீங்க எதுக்கு இருக்கீங்க? கடைக்கு வர்ற துணியை, வீட்டுல போய் நீங்களே தேய்ச்சுக்கங்கன்னு நான் சொல்றேனா?"

டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது. ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். சூடக்கா அதைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு வயிறெரிந்ததற்கு வேறு காரணம் இருந்தது. அந்த வாரம்தான் நாத்தனார் தன் மகனோடு வந்து போயிருந்தாள். இவள் மகளைவிடச் சின்னவன், தெருவில் இருந்த பெயர்ப்பலகை அத்தனையையும் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தான். "நாங்க ரெண்டு பேரும் தினமும் சேர்ந்து படிப்போம் அண்ணி. உங்களுக்கு எங்க நேரம்? பாவம்" என்றாள் நாத்தனார். அந்தப் 'பாவம்' சூடக்காவின் தொண்டையில் முள்ளாக நின்றது.

அன்றிலிருந்து வீட்டில் வாசிப்பு ஆரம்பித்தது. மகள் கையில் புத்தகம், அம்மா கையில் ஸ்கேல். ஒரு எழுத்து தவறினால் மேசையில் ஒரு அடி. அதே எழுத்து மறுபடி தவறினால் மணிக்கட்டில். டேங்கர் லாரி ஓட்டும் கணவன், "விடேன், தானா வரும்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தான்.

"நீங்க லாரியை ஓட்டுங்க. இதை நான் ஓட்டிக்கிறேன்."

மகளுக்குப் புத்தகத்தைக் கண்டாலே வயிறு வலித்தது, தாகம் எடுத்தது. புத்தகமே ஒருநாள் காணாமல் போய், துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னாலிருந்து கிடைத்தது. அதைவிட மோசம், முன்பு தெரிந்த வார்த்தைகள்கூட இப்போது அவளுக்குத் திக்கின.

ஒரு சாயங்காலம் மகள் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"படி."

"மாட்டேன்."

"அடி விழும்."

"விழட்டும். நீ படிச்சுக் காட்டு முதல்ல. தப்பு விட்டா நான் அடிப்பேன்."

அடுத்த அறையில் கணவன் களுக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளைக் கிளப்பிவிட்டது. "கொண்டா இப்படி" என்று ஸ்கேலை நீட்டிவிட்டுப் புத்தகத்தை வாங்கினாள்.

சத்தமாகப் படித்து எத்தனையோ காலமாகியிருந்தது. ரோஷத்தில் வேகமாக ஓடினாள். 'ஆமை குடையைத் திருப்பிக் கொடுத்தது' என்பதைத் 'திருப்பித் தந்தது' என்றாள். மணிக்கட்டில் சுளீரென்று விழுந்தது. விளையாட்டு அடி இல்லை.

"அர்த்தம் புரிஞ்சுதில்ல? அப்புறம் என்னடி?"

"புத்தகத்துல அப்படி இல்ல."

அடுத்த அடி, இஸ்திரிப் பெட்டி சுட்ட பழைய தழும்பின் மேலேயே விழுந்தது. கண்ணில் நீர் முட்டியது. அதற்கப்புறம் நாக்கு அவள் சொன்னபடி கேட்கவில்லை. அடுத்த வரியில் இருந்தது சாதாரண வார்த்தை, தினமும் பேசுகிற வார்த்தை. அது வாய்க்குள் துண்டு துண்டாக உடைந்தது. அவள் கண் வரியில் இல்லை. ஸ்கேலில் இருந்தது.

புத்தகத்தை வீசியெறிந்தாள்.

மகள் அசையவில்லை. "அழுதா விட்டுடுவேன்னு நெனைக்காத. இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு" என்றாள். வார்த்தை மட்டுமல்ல, குரலும் சூடக்காவுடையதே.

சூடக்கா எழுந்து ஸ்கேலைப் பிடுங்கி, இரண்டாக ஒடித்து ஜன்னல் வழியே எறிந்தாள். "போதுமா?"

"இன்னொண்ணு ஸ்கூல் பையில இருக்கு."

அதன்பின் சில நாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தோற்றது தோற்றதாகவே இருப்பது சூடக்காவுக்குப் பழக்கமில்லை. அந்தக் கதையைப் படித்து முடித்தே தீருவேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வீம்புக்கு உரக்கப் படித்தாள். குடைக்கடை வைத்த குரங்கு ஒன்று, ஓட்டைக் குடையை ஆமையின் தலையில் கட்டப் பார்க்கிறது. அது அவளுக்குத் தெரிந்த உலகம். கடையில் தினமும் நடக்கும் சண்டை. குரங்குக்குத் தானாகவே நாத்தனாரின் குரல் வந்துவிட்டது. புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்துக்கொண்டாள்: "உங்களுக்குத்தான் ஓடு இருக்கே, குடை எதுக்கு? பாவம்!"

மூலையில் மகள் புரையேறச் சிரித்தாள். அடுத்ததாக அம்மா ஆமைக்குக் குரல் கொடுத்தபோது, "ஆமை அப்படிப் பேசாது" என்றாள்.

"பின்ன எப்படிப் பேசும்? நீ பேசு பாப்போம்."

மகள் வந்து, கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்து, ஆமையின் வரியைப் படித்தாள். நடுவில் தடுக்கியது. சூடக்காவின் நுனி நாக்குவரை வந்துவிட்டது சரியான வார்த்தை. பல்லைக் கடித்துக்கொண்டாள். மகள் தானே திரும்பிப் போய் அந்த வார்த்தையைப் பிடித்தாள்.

அப்புறம் சாயங்காலங்களில் அந்த வீட்டில் குரங்கும் ஆமையும் கத்திக்கொண்டன. பக்கத்து வீட்டுக்காரி நிஜச் சண்டை என்று நினைத்துக் கதவைத் தட்டினாள். "உங்க வேலையைப் பாருங்க" என்று அம்மாவும் மகளும் சேர்ந்தே அனுப்பினார்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன சூடக்கா, டீச்சரிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. "சண்டை வர்ற கதையா வேற இருந்தா குடுங்க" என்றாள்.

மகள் இப்போது வரி தவறாமல் படிக்கிறாள். ஆனால் அம்மாவின் கை சட்டென்று நீண்டால், அவள் மணிக்கட்டு இன்னும் மடிக்குள் ஒளிந்துகொள்கிறது. சூடக்கா அதைப் பார்த்துவிட்டாள். அதனால் பக்கம் முடிந்ததும் தன் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, "திருப்புடி" என்று அதட்டுகிறாள். மகள்தான் திருப்புகிறாள்.