ஊறிய புளியங்கொட்டை

அரூரிலிருந்து தருமபுரி போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார் ஒரு பெண். மடியில் லேப்டாப், கடைவாயில் வறுத்த புளியங்கொட்டை. அதைக் கடிக்காமல் ஊறவைத்துக்கொண்டே பேசினார்.

“தக்காளி மண்டிக்கு எடை போடுற சாஃப்ட்வேர் நான் எழுதுனதுங்க. காலிப்பெட்டி எடைய ரெண்டு தடவ கழிச்சிருச்சு. எல்லார் முன்னாடியும் என் தப்புன்னு சொல்லி மேனேஜர் என்னை கம்பெனிய விட்டே அனுப்பிட்டாரு.”

அதன் பிறகு, பிழையைத் தானே கண்டுபிடித்து அதன் காரணத்தையும் விளக்கும் கருவி ஒன்றை அவர் உருவாக்கியிருக்கிறார். யார் செய்தது என்று தெரியாமல் அதே கம்பெனி அதை விலைக்குக் கேட்டு, சோதிக்க அந்த எடை சாஃப்ட்வேரையே அனுப்பிவிட்டது. இரண்டாவது கழித்தலைச் சேர்த்தவர் மேனேஜர்தான் என்று கருவி காட்டிவிட்டது.

“இன்னைக்கு அவரு முன்னாடியே ஓட்டிக் காட்டப் போறேங்க.”

“உங்க தப்பு எதையும் அது சொல்லலையா?” என்று குத்தலாகக் கேட்டேன்.

“சொல்லுச்சுங்க. அதத்தான் மொதல்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவேன். அப்பறம் அவரால வாயத் தொறக்க முடியாதுல்ல?”

புளியங்கொட்டை கடக்கென்று உடைந்தது.

எனக்கும் தீர்க்க வேண்டிய பகை ஒன்று உண்டு. முதலில் என் தப்பைப் படிக்க வேண்டுமே என்று, அன்றிலிருந்து அதைத் தொடத் தைரியம் வரவில்லை.