மீராசா ராவுத்தரின் வெள்ளை

கொல்லங்கோட்டில் வேட்டிக்கடை வைத்திருந்த மீராசா ராவுத்தர் லேசில் யாரையும் நம்பமாட்டார். வாசல் வெயிலில் பிரித்துப் பார்க்காமல் ஒரு கட்டு வேட்டியைக் கடைக்குள் விடமாட்டார். இரண்டு வருடமாக வந்ததெல்லாம் பழுப்பேறிய சரக்கு. பழசைத் தலையில் கட்டுகிறார்கள் என்று மூன்று நெசவுக்காரர்களைத் திட்டி விரட்டினார். வீட்டிலும், மனைவி கௌலத்துக்கு வேட்டி வெளுக்கத் தெரியவில்லை என்று தினமும் ஏச்சு.

கண்ணில் புரை என்று சொன்ன டாக்டரையும் அவர் நம்பவில்லை. பத்தே நிமிட ஆபரேஷனாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாமாம்! அந்தக் காலத்தில் அவரைப் பெற்ற அத்தாவுக்குப் புரை எடுத்தபோது, தலைக்கு இருபுறமும் மணல்மூட்டை வைத்து, ஒரு வாரம் அசையக் கூடாது என்றார்கள். ஐந்தாம் நாள் அத்தா பலமாக இருமினார். தையல் பிரிந்து கண்ணே போயிற்று.

"அத்தன பத்தியத்துலயே போன கண்ணு, பத்து நிமிசத்துல வந்துருமாக்கும்?" என்றார்.

கௌலத் விடவில்லை. இழுத்துக்கொண்டு போய் ஒரு கண்ணுக்குச் செய்ய வைத்தாள். மறுநாள் கட்டைப் பிரித்ததும், எதிரே நின்ற டாக்டரின் கோட்டைப் பார்த்து மீராசா வெகுண்டார்.

"ஏனுங்க, கண்ணுக்குள்ள வெச்ச லென்சுல சொட்டு நீலத்தக் கலந்துட்டீங்களா?"

"அந்தக் கண்ண மூடிட்டு, இன்னொண்ணுல பாருங்க" என்றார் டாக்டர்.

பார்த்தார். கோட்டு பழுப்பாக இருந்தது. மாற்றி மூடினார். வெள்ளை. குனிந்து இடுப்பு வேட்டியைப் பார்த்தார். அதுவும் பளீரென்று வெள்ளை.

கௌலத் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, மொதல்ல அந்த மூணு பேருகிட்டப் போறீங்களா, இல்ல எங்கிட்டயே ஆரம்பிக்கறீங்களா?"